கையடக்கக் கருவிக்கு டைப்-சி சார்ஜிங்: டிபி4056 மட்டும் போதுமா?

கேள்வி:
கையில் பிடிக்கும் அளவில் ஒரு டேட்டா லாகர் (அளவீடுகளைப் பதிவுசெய்யும் கருவி) செய்துகொண்டிருக்கிறேன். 600 எம்ஏஹெச் லித்தியம் பாலிமர் பேட்டரி, 3.3 வோல்ட் ரெகுலேட்டர், சின்னத் திரை. ஓடும்போது 120 மில்லிஆம்ப் வரை இழுக்கும். கடையில் கிடைக்கும் டிபி4056 (லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சிப்) மாட்யூலின் சர்க்யூட்டைத்தான் அப்படியே வரைந்திருக்கிறேன். பழைய யூஎஸ்பி-ஏ கேபிளில் சார்ஜ் ஆகிறது. இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. கருவியை ஆன் செய்து வைத்தால் 'சார்ஜ் முடிந்தது' விளக்கும் வருவதில்லை. போர்டு ஆர்டர் கொடுக்கும் முன் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் (சாலிடர்புகை):
கேபிள் விஷயம் எளிது. டைப்-சி சாக்கெட்டின் சிசி1, சிசி2 பின்கள் இரண்டிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோஓம் கிரவுண்டுக்குப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்தே விடாது. இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிடாதீர்கள். சில கேபிள்களில் மக்கர் பண்ணும்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த மாட்யூலில் சார்ஜ் கரண்டை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர் 1.2 கிலோஓம் இருக்கும், அதாவது 1 ஆம்ப். உங்கள் பேட்டரிக்கு அது மிக அதிகம். 4 கிலோஓம் போட்டால் சுமார் 300 மில்லிஆம்ப், பாதி சி (பேட்டரி கொள்ளளவில் பாதி). சிப்பின் சூடும் அடங்கும்: பேட்டரி 3.2 வோல்ட்டில் இருக்கும்போது 1 ஆம்பில் 1.8 வாட் எரிகிற இடத்தில் அரை வாட்தான்.

விளக்கு வராததற்குக் காரணம், கருவி பேட்டரி முனையிலிருந்தே கரண்டை எடுப்பது. செட் செய்த கரண்டில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினால்தான் சிப் நிறுத்தும். 1 ஆம்புக்கு அது 100 மில்லிஆம்ப். நீங்கள் இழுப்பதோ 120. சிப் எப்படி நிறுத்தும்? பேட்டரி 4.2 வோல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், அதன் ஆயுளுக்குக் கேடு. 300க்குக் குறைத்தால் வரம்பும் 30க்கு இறங்கிவிடும், ஆகவே இதைத் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். யூஎஸ்பி செருகியிருக்கும்போது கருவி பேட்டரியை விட்டுவிட்டு அதிலிருந்தே கரண்டை எடுக்க வேண்டும். யூஎஸ்பியிலிருந்து லோடுக்கு (கருவியின் மற்ற சர்க்யூட்டுக்கு) ஒரு ஷாட்கி டையோடு. பேட்டரிக்கும் லோடுக்கும் நடுவே சுவிட்சாக ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்): கேட் யூஎஸ்பி 5 வோல்ட்டில், கூடவே கிரவுண்டுக்கு 100 கிலோஓம். டிரெயின் பேட்டரி பக்கம், சோர்ஸ் லோடு பக்கம். மாற்றிப் போட்டால் உள்ளே இருக்கும் பாடி டையோடு வழியாக யூஎஸ்பி கரண்ட் சார்ஜர் சிப்பைத் தாண்டி நேராகப் பேட்டரிக்குப் பாயும். வரைபடத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பதில் (ஓம்காரன்):
அப்புறம் சார்ஜர் சிப்பின் டெம்ப் பின். மாட்யூலில் அது கிரவுண்டில் இருக்கும், வெப்பக் கண்காணிப்பே இல்லை என்று அர்த்தம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் ஆனோடில் லித்தியம் உலோகமாகவே படியும். 10 கிலோஓம் என்டிசி (சூடு ஏற ஏற மதிப்பு குறையும் ரெசிஸ்டர்) ஒன்றைப் பேட்டரி மேல் ஒட்டி, வோல்டேஜைப் பிரிக்கும் ரெசிஸ்டர்களோடு சேர்த்து அந்தப் பின்னுக்குக் கொடுங்கள். பேட்டரி கனெக்டரில் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதை மீட்டர் வைத்துப் பாருங்கள், விற்பவருக்கு விற்பவர் மாறும்.

கேட்டவர்:
சரி, மாஸ்ஃபெட்டைச் சேர்த்து மறுபடி வரைகிறேன். டிஸ்சார்ஜ் பக்கத்தை டிடபிள்யூ01 (பேட்டரியைப் பாதுகாக்கும் சிப்) பார்த்துக்கொள்ளும்தானே?

பதில் (சாலிடர்புகை):
அது 2.4 வோல்ட்டில்தான் துண்டிக்கும், ஆபத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் 3.2 வோல்ட்டில் நிரலே கருவியைத் தூங்க வைக்கட்டும். வோல்டேஜ் அளக்கப் போடும் இரண்டு ரெசிஸ்டர்களும் பெரியவையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அவையே பேட்டரியைத் தின்றுவிடும்.