சோலார் வேலியை யானை எந்த இடத்தில் உடைக்கிறது?

வேலிக்குப் பழகின கொம்பன் கம்பியில் உடம்பு படாமல் பார்த்துக்கொள்ளும். தந்தத்தில் கரண்ட் பாயாது. அதனால் கம்பியைத் தந்தத்தில் மாட்டி இழுக்கும், இல்லாவிட்டால் கம்பத்தை உதைத்துச் சாய்க்கும். தந்தமில்லாத ஆண் யானையான மக்னாவும், பெண் யானையான பிடியும் பக்கத்து மரத்தை முறித்துக் கம்பிமேல் தள்ளிவிடும். ஆகவே கம்பிமேல் விழக்கூடிய மரம் வேலியோரம் நிற்கக் கூடாது. ஒவ்வொரு கம்பத்திலும் காட்டுப் பக்கமாகக் கரண்ட் ஓடும் குட்டிக் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்பத்தை நெருங்குவதற்குள் நெஞ்சிலோ தும்பிக்கையிலோ கரண்ட் அடி விழும்.

*

மேலே சொன்னது சரி. ஆனால் பல வேலிகளில் யானை உடைக்க வேண்டிய வேலையே இல்லை, அடியே இருக்காது. பழி பேட்டரிமேல் போகும், குற்றவாளி எர்த், அதாவது கரண்ட் மண் வழியாகத் திரும்பி வரும் இணைப்பு. 6 அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு குறைந்தது 3, 10 அடி இடைவெளியில் இறங்கியிருக்க வேண்டும்.

சோதிக்கும் முறை: எனர்ஜைசரை (வேலிக்குக் கரண்ட் அனுப்பும் கருவி) நிறுத்திவிட்டு, 100 மீட்டருக்கு அப்பால் இரும்புக் கம்பிகளை வேலியில் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். திரும்பப் போட்டால் வேலி வோல்டேஜ் 2,000-க்குக் கீழே இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் இன்னும் கம்பி சாய்க்கணும். அப்போது கடைசி எர்த் ராடில் வேலி வோல்ட்மீட்டர் வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ராடு போதவில்லை. கோடையில் மண் காய்ந்தால் இது இன்னும் மோசம். கரண்ட் கம்பி, எர்த் கம்பி என்று மாற்றி மாற்றிக் கட்டினால், இரண்டையும் சேர்த்துத் தொடும் யானைக்கு மண் ஈரமில்லாவிட்டாலும் அடி விழும்.

*

மழைக்காலத்தில் எதிரி புல். நனைந்த புல்லும் கொடியும் கீழ்க்கம்பியைத் தொட்டால் 7,000 வோல்ட் வேலி 2,000-க்கு வந்துவிடும். ராத்திரி டக் டக் என்று சத்தம் வந்தால், டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள்; விரிசல் விட்ட இன்சுலேட்டரில் நீலப்பொறி தெரியும்.

அடி போதவில்லை என்று வீட்டு லைனில் நேராகக் கொக்கி போடுகிறவர்களுக்கு: எனர்ஜைசர் நொடிக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் அடிக்கும்; தொட்டவர் கையை எடுத்துவிடலாம். வீட்டு 230 வோல்ட் விடாமல் பாயும். யானையும் சாகும், விடியற்காலையில் தண்ணீர் திருப்பப் போகிற ஆளும் சாவார். ஜெயில் தனி.

*

தொங்கு வேலி (மேலிருந்து கரண்ட் கம்பிகள் தொங்கும் வேலி) யோசிக்கிறவர்கள், தொங்கும் கம்பியின் நுனி புல்லுக்கு மேலே நிற்கும்படி வெட்டுங்கள். காற்றடித்த மறுநாள் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கியிருக்கும். அதனால் விழும் சந்து யானைக்கு வாசல்; இருட்டுவதற்குள் பிரித்துவிட வேண்டும்.