ரெடிஸில் வைத்தது காணாமல் போன கதை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ரெடிஸ் என்பது தரவை மெமரியிலேயே வைத்து வேகமாகத் தரும் டேட்டாபேஸ். எங்கள் அணியில் அது வந்தது கேஷுக்காகத்தான், அதாவது அடிக்கடி கேட்கும் தரவின் நகலைக் கையருகே வைக்க. வேகத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. லாகின் செஷன், ஓடிபி, கடைசியில் அனுப்ப முடியாமல் போன மின்னஞ்சல்களின் பட்டியல் என்று எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டோம். மெமரி நிரம்பினால் நெடுநேரம் தொடாத கீயை, அதாவது ஒரு பெயரில் சேமித்த தரவை, தூக்கிவிடச் சொல்லும் 'ஆல்கீஸ்-எல்ஆர்யூ' அமைப்பை வைத்தவனும் நானே. கேஷுக்கு அது சரிதான்.

ஒருநாள் கூட்டம் எகிறி, கேஷ் வீங்கியது. மறுநாள் காலை அந்த மின்னஞ்சல் பட்டியல் காலி. லாகில் ஒரு பிழைகூட இல்லை! யாரோ அழித்துவிட்டார்கள் என்று அரை நாள் ஆள் தேடினோம். பிறகுதான் ரெடிஸின் நிலையைக் காட்டும் இன்ஃபோ கட்டளையில் 'எவிக்டட் கீஸ்' (இடமில்லாமல் தூக்கிய கீகள்) எண்ணிக்கை கண்ணில் பட்டது. பட்டியலில் ஆயிரம் உருப்படி இருந்தாலும் ரெடிஸுக்கு அது ஒரே கீ. போனால் மொத்தமாகப் போகும். எப்போதாவதுதான் தொடுவோம் என்பதால் முதலில் மாட்டியதும் அதுதான். ரெடிஸைக் குறை சொல்ல வழியில்லை, நான் சொன்னதைத்தான் செய்தது.

இப்போது அந்தப் பட்டியல், தரவை டிஸ்கில் வைக்கும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிள். இன்னொருவர் பூட்டிய வரியைத் தாண்டிப் போகச் சொல்லும், 9.5 பதிப்பில் வந்த 'ஸ்கிப் லாக்ட்' இருப்பதால், பட்டியலை எடுத்து வேலை பார்க்கும் பல வொர்க்கர்கள் ஒரே வரிக்கு அடித்துக்கொள்வதில்லை.

பதில் 1
எங்களை ஏமாற்றியது, ரெடிஸில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கோப்பில் எழுதிவைக்கும் 'ஏஓஎஃப் போட்டிருக்கிறோமே' என்ற தைரியம். அதன் வழக்கமான அமைப்பில் டிஸ்கில் உறுதியாக எழுதுவது விநாடிக்கு ஒருமுறைதான். சர்வர் திடீரென்று செத்தபோது கடைசி விநாடியில் வந்த முன்பதிவுகள் போயின. பயனருக்கு 'பதிவாகிவிட்டது' என்று அதற்குள் காட்டியாயிற்று. போஸ்ட்கிரெஸ், அமைப்பை நாமாக மாற்றாத வரை, 'வால்' (WAL) என்ற மாற்றக் குறிப்பேட்டின் பதிவு டிஸ்கைத் தொட்ட பிறகுதான் கமிட் ஆனதாக, அதாவது உறுதியாகச் சேமித்ததாகச் சொல்லும். மெதுவு என்று நாங்கள் திட்டிய அந்தத் தாமதம் இதற்குத்தான்.

பதில் 2
என் கதை தலைகீழ். ஒரு அறிக்கைப் பக்கம் 4 விநாடி எடுத்தது. உடனே முன்னால் ரெடிஸை நிறுத்தினேன். அதன் பிறகு விலையை மாற்றினாலும் பழைய விலையே தெரிகிறது என்று தினமும் புகார். எந்த இடத்தில் எந்தக் கீயை அழிக்க வேண்டும் என்று துரத்தியே மூன்று வாரம் போனது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையை ஓட்டிப் பார்த்தார்: வரியைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் இன்டெக்ஸே இல்லை, முழு டேபிளையும் வருடிக்கொண்டிருந்தது. இன்டெக்ஸ் போட ஒரு வரி எழுதினார், சில மில்லிவிநாடியில் பக்கம் வந்தது. ரெடிஸைக் கழற்றிவிட்டோம். (வெட்கமாகத்தான் இருந்தது.)

பதில் 3
எல்லாரும் ரெடிஸைப் போட்டுச் சாத்துகிறீர்களே! எங்கள் விளையாட்டுச் செயலியில் 'என் தரவரிசை எத்தனை?' என்று லட்சக்கணக்கானோர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் தனக்கு மேலே உள்ள வரிகளை எண்ணி டேட்டாபேஸ் திணறியது. மதிப்பெண் வரிசையிலேயே அடுக்கி வைக்கும் ரெடிஸின் சார்ட்டட் செட்டுக்கு மாற்றியதும் மூச்சு வந்தது. அசல் மதிப்பெண்கள் டேட்டாபேஸ் டேபிளிலேயே இருக்கின்றன. ரெடிஸ் ஒருமுறை முழுக்கக் காலியானபோது ஒரு ஸ்கிரிப்டை ஓட்டித் திரும்ப நிரப்பினோம்.