ஸ்பெயினுக்கு வந்த புதிதில்: சாப்பாட்டில் மனதை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

காவேரிக்கரை, வலென்சியா
அல்புஃபேரா ஏரிப் பக்கம் ஒரு கிராமத்து வீடு. கூட வேலை பார்க்கிற பொண்ணோட பாட்டி வீடு, ஞாயிறு மதியம். பாயேயாங்கிற அரிசிச் சாப்பாடு பத்தி இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, ஆனா படத்துல காட்டுற இறாலும் சிப்பியும் அந்த வீட்டுல கிடையாது. கோழி, முயல், பட்டையான பீன்ஸ், கரோஃபோங்கிற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ. ஆரஞ்சு விறகு. அரிசி போட்டப்புறம் யாரும் கிளறல.

நான் சொல்ல வந்தது வேற. தட்டே வைக்கல. அந்த அகலச் சட்டியை அப்படியே மேசை நடுவுல இறக்கி, ஆளுக்கொரு மரக்கரண்டி கொடுத்தாங்க. ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்குப் போகணும், பக்கத்துப் பங்கைத் தொடக் கூடாது. ஏழெட்டுப் பேர், ஒரே சட்டி. எச்சில் பார்த்தே வளர்ந்தவ நான். கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன். பாட்டி ஒண்ணும் கேக்கல. தன் பக்கம் அடியில பிடிச்ச காந்தலைச் சுரண்டி, என் பங்குல தள்ளினாங்க. சொக்கர்ராத்னு அதுக்குத்தான் அங்க அத்தனை பேரும் போட்டி போடுவாங்க. அவங்க வாயில வச்ச கரண்டி. சாப்பிட்டேன். அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல.

சைவப்பட்சி, மாட்ரிட்
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அலுவலகம் பக்கத்து உணவகம், மதிய மெனு: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்பு, எல்லாம் ஒரே விலைக்கு. இறைச்சி வேண்டாம் என்றேன். சாலட் வந்தது, மேலே டூனா மீன். வேறு கேட்டேன். பச்சை பீன்ஸ் வந்தது, உள்ளே ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைத் துண்டுகள். "இறைச்சி இல்லையே, கொஞ்சம் ஹமோன்தானே" என்றார் பரிமாறியவர். கேலியில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவர் தலைக்கு மேல் பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒரு சின்னக் கிண்ணம். ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் சாப்பிட்டு எழுந்தேன். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் முகம் வாடியது இன்றைக்கும் உறுத்துகிறது.

தெற்குவாசி, கொர்தோபா
சகோதரி, ஒரு கடையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நான் இங்கே வந்து இறங்கிய அன்று சாப்பிட்டது கத்தரிக்காய் வறுவல், மேலே கருப்பஞ்சாற்றுப் பாகு. முறுகலும் இனிப்பும் ஒன்றாக வாயில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் சைவர்கள் எல்லாரும் கேளுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ஹமோன், அதூன் (டூனா), போயோ (கோழி), பெஸ்காதோ (மீன்) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பருப்பு என்று நம்பி லெந்தேஹாஸ் கேட்காதீர்கள், பெரும்பாலும் சொரீசோ என்கிற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள். காய்கறி சூப் என்றாலும் எந்தச் சாற்றில் வைத்தது என்று கேளுங்கள். சால்மொரேஹோ என்கிற கெட்டியான குளிர் சூப்பில் தக்காளி, ரொட்டி, பூண்டு, எண்ணெய்தான். மேலே தூவும் முட்டையும் ஹமோனும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செவிய்யா போனால் கீரையும் கொண்டைக்கடலையும், சீரகம் போட்டது, கண்டிப்பாகக் கேளுங்கள். கலீசியாவின் பத்ரோன் மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்புத் தூவித் தருவார்கள். பெரும்பாலானவை காரமே இருக்காது, எப்போதாவது ஒன்று சுரீரென்று பிடிக்கும். பீஸ்தோ என்கிற காய்கறி வதக்கலும் நல்லது, மேலே முட்டை வைத்துத் தருவதுண்டு, முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரெண்டு பிள்ளை அப்பா, செவிய்யா
தெற்கைப் பற்றி அண்ணன் சொல்வது சரி, ஆனால் நேரம்? ஜூன் மாதம், மாலை ஆறரை, பிள்ளைகளுக்கு அகோரப் பசி. போன இடமெல்லாம் அடுப்பு எட்டரைக்குத்தான் என்றார்கள். தாமதமாகச் சாப்பிடுவதே இவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கடைசியில் ஒன்பதரைக்கு ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்தோம். சுற்றிலும் தாத்தா பாட்டிகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், பந்து விளையாடும் பிள்ளைகள். சாப்பாடு வருவதற்குள் சின்னவன் தூங்கிவிட்டான். பரிமாறிய பெண் கேட்காமலே இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு, அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டு முடித்தும் பில் வரவே இல்லை. நாம் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், அது விரட்டுவது போலாகிவிடும் என்று பிறகு தெரிந்தது.

கிரனாதா பேரன்
"தாமதம்" என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாட்ரிட் இருப்பது லண்டன் கிரீன்விச்சுக்கும் மேற்கே, சூரியன்படி லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஜெர்மனி நேரத்துக்குக் கொண்டுபோனது, அதைத் திருப்பி வைக்கவே இல்லை. கோடையில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டு மணிக்கு மேல். அப்படியானால் இரண்டரை மணிச் சாப்பாடு உச்சிவேளைச் சாப்பாடுதானே? கடிகாரம் மட்டும் காரணமில்லை, வேலை நேரமும் வெயிலும் உண்டு. ஆனால் இவர்கள் சோம்பேறிகள் என்பது மாதிரி பேசாதீர்கள். ஆறரைக்குப் பிள்ளைகளுக்குப் பசித்தால் மெரியெந்தா என்கிற மாலைச் சிற்றுண்டி நேரம் அது, ரொட்டிக்குள் சாக்லேட் வைத்துக் கொடுங்கள், எல்லா வீட்டிலும் அதுதான்.

எனக்கு மறக்காதது இந்த ஊர்ப் பார்தான். கையில் காசு இல்லாத மாதம். ஒரு குளிர்பானம் வாங்கினேன், கூடவே ஒரு தட்டு உருளைக்கிழங்கும் முட்டையும் வந்தது. நான் கேட்கவில்லை என்றேன். குடிக்க எது வாங்கினாலும் சாப்பிட ஒன்று சும்மா வரும் என்றார் கடைக்காரர். இரண்டாவது வாங்கினேன், வேறு தட்டு வந்தது. அன்றைய இராச் சாப்பாடு அதுவே.

காவேரிக்கரை, பாயேயாவில் வெங்காயம் உண்டா? இங்கே ஒருவர் போடுகிறார்.

காவேரிக்கரை, வலென்சியா
அந்த வீட்டுல கிடையாது. வெங்காயம் தண்ணி விடும், சோறு குழைஞ்சிடும்னு பாட்டி சொன்னாங்க. ராத்திரிக்கும் செய்ய மாட்டாங்க, மதியம் மட்டும்தான்.

சைவப்பட்சி அக்கா, குளிர்காலம் முடியறதுக்குள்ள கத்தலோனியால வால்ஸ் பக்கம் போங்க. கால்சோத்னு நீளமான வெங்காயத்தாளைத் தீயில கருக விட்டு, கூரை ஓட்டுல அடுக்கித் தருவாங்க. கருந்தோலை உருவி, பாதாம் சாஸ்ல தோய்ச்சு, தலையை அண்ணாந்து வாய்க்குள்ள இறக்கணும். அதுக்கப்புறம் கறி வரும், அதை மட்டும் முதல்லயே வேண்டாம்னு சொல்லிடுங்க.