சாம்பலும் தளர்ந்த கயிறும்

‘தாத்தா வீடு’ குழு

மார்ச் 3

கோவில்பட்டி அத்தை, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். இன்று காலை நம் நாய் சாம்பலை நடைக்கு அழைத்துச் சென்றபோது, தெருமுனையில் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளியதைக் கண்டு அவன் பாய்ந்துவிட்டான். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்ததால் நானும் சேர்ந்து விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை, யாரும் பதற வேண்டாம். ஆனால் ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாயை இனி என்னால் பிடித்து நடக்க முடியுமா என்ற ஐயம் வந்துவிட்டது.

அண்ணன், காலை 7:20
அத்தை, முதலில் காயத்தைக் கழுவிவிட்டு டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி மாமா, காலை 7:31
கழுத்தில் இறுகும் சங்கிலி ஒன்றை இன்றே வாங்கி வருகிறேன். நான்கு முறை வெடுக்கென்று இழுத்தால் தானாக அடங்கிவிடுவான். மாலையில் என்னோடு வரும்போதும் இழுக்கத்தான் செய்கிறான், ஆனால் நான் ஈடு கொடுத்து நடந்துவிடுகிறேன்.

அக்கா, காலை 8:05
மாமா, தயவுசெய்து அந்தச் சங்கிலி வேண்டாம். சிப்பிப்பாறையின் கழுத்து நீளமானது, தோல் மெல்லியது, அடியில் மூச்சுக்குழாய் இருக்கிறது. கழுத்துப் பட்டையை எதிர்த்து நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுகிறது என்றும், மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போட்டு இழுக்கும்போது அப்படிக் கூடுவதில்லை என்றும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதோடு, ஆட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கழுத்தில் வலி வந்தால், வலி ஆட்டினால் வருகிறது என்றே அவன் எண்ணிக்கொள்ளக்கூடும். இன்று துரத்தப் பார்ப்பவன் நாளை கடிக்கப் பார்ப்பான்.

அத்தை, இனி கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள். கைப்பிடி வளையத்துக்குள் கட்டைவிரலை மட்டும் நுழைத்து, மீதிக் கயிற்றை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறடிக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வேண்டவே வேண்டாம், ஏனெனில் இழுத்தால்தான் முன்னே போக முடியும் என்பதையே அது நாள் முழுவதும் கற்றுக்கொடுக்கிறது.

கோவில்பட்டி அத்தை, காலை 8:19
மருமகளே, அவன் ஏன் இப்படி இழுக்கிறான்? கழுத்து நெரிந்து இருமுகிறான், அப்போதும் விடுவதில்லை.

அக்கா, காலை 8:40
இழுத்தால் போய்ச் சேர முடிகிறது என்பதால்தான், அத்தை. வேப்பமரத்தை நோக்கி அவன் இழுக்கிறான், நாம் பின்னாலேயே போகிறோம், அவன் மோந்து பார்க்கிறான். அவன் கணக்குப்படி இழுப்புக்குக் கிடைத்த கூலி அது. நம் நடை வேகம் அவனுக்கு ஆமை வேகம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். முதல் வாரம் தெருவுக்கே போகாமல், மொட்டை மாடியில் பத்து நிமிடம் பழக்குங்கள். கயிறு உங்களுக்கும் அவனுக்கும் நடுவே தொட்டில் போலத் தொங்கிக்கொண்டிருக்கும் வரை நடங்கள். அது விறைத்த அந்தக் கணமே, திட்டாமல், பின்னுக்கு இழுக்காமல், தூண் போல நின்றுவிடுங்கள். அவன் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வாங்கியோ கயிறு தளர்ந்ததும் “சபாஷ்” என்று சொல்லி, அவித்த ஈரலில் சுண்டுவிரல் நக அளவுத் துண்டை உங்கள் கால் ஓரத்தில், முழங்கால் உயரத்தில் கொடுங்கள். எந்த இடத்தில் தின்பண்டம் கிடைக்கிறதோ அந்த இடத்தில்தான் நாய் நிற்கப் பழகும். கையை முன்னே நீட்டிக் கொடுத்தால் முன்னேதான் ஓடுவான்.

தெருவில் இறங்கிய முதல் நாட்களில் அரை மணி நேரத்தில் பத்து வீட்டைக்கூடத் தாண்ட மாட்டீர்கள். இடையில் ஓரிரு நாள் முன்னைவிட வெறியாக இழுப்பான். இதுவரை பலித்த தந்திரம் பலிக்காதபோது அதையே இன்னும் ஓங்கிச் செய்து பார்ப்பது நாயின் இயல்பு, அங்கே விட்டுக்கொடுத்தால் ஓங்கி இழுப்பதுதான் வழி என்று பதிந்துவிடும். தளர்ந்த கயிற்றோடு வேப்பமரத்தை நெருங்கிவிட்டானானால், “போ” என்று சொல்லி ஆசை தீர மோந்து பார்க்க விடுங்கள். ஈரலைவிடப் பெரிய கூலி அது.

கோவில்பட்டி மாமா, காலை 9:02
காலையில் உன் அத்தை பாடம் நடத்தட்டும். மாலையில் நான் பழையபடி அழைத்துப் போகிறேன். ஒரு வேளையில் என்ன கெட்டுவிடப் போகிறது?

தாத்தா, காலை 9:15
மாப்பிள்ளை, 2003இல் அரசு தடை செய்யும் வரை நீங்கள் லாட்டரிச் சீட்டு வாங்கியதை நான் மறக்கவில்லை. பத்து முறை ஏமாந்தும் பதினோராவது முறை வாங்கியது, எப்போதோ ஒரு முறை நூறு ரூபாய் விழுந்ததால்தானே? சாம்பலுக்கு நீங்கள்தாம் அந்த நூறு ரூபாய்.

அக்கா, காலை 9:21
தாத்தா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாமாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. மார்பிலும் முதுகிலும் வளையம் உள்ள ஹார்னஸ் ஒன்றை வாங்குங்கள். கயிறு மார்பு வளையத்தில் இருந்தால் பாடம்; அதில் இழுத்தால் அவன் உடம்பே பக்கவாட்டில் திரும்பிவிடும். உங்களுக்குப் பொறுமை இல்லாத நாளில் முதுகு வளையத்துக்கு மாற்றுங்கள், அன்று விதி இல்லை. இந்த வேறுபாட்டை நாய்கள் விரைவிலேயே புரிந்துகொள்கின்றன.

மார்ச் 19

கோவில்பட்டி அத்தை, காலை 6:58
மாடியிலும் தெருவிலும் கயிறு தளர்ந்தே இருக்கிறது. ஆடு கண்ணில் பட்டால் மட்டும் ஈரலைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அக்கா, காலை 7:30
அவன் மூக்கைவிடக் கண்ணை நம்பும் இனம், அத்தை. முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டையை நிறுத்தியது, கண்ணை நிறுத்தவில்லை. தொலைவில் ஒன்று அசைந்தாலே போதும். காது முன்னே நிமிர்ந்து, வாய் மூடி, கழுத்து உயர்ந்து, உடல் கல்லாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது. அதன்பின் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அதற்கு முன்பே, அவன் ஆட்டை வெறுமனே பார்க்கும் தொலைவில், அது ஐம்பது அடியோ நூறு அடியோ, நின்றுகொள்ளுங்கள். பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்ததும் “சபாஷ்” என்று சொல்லி ஈரலைக் கொடுங்கள். சில நாட்களுக்கு ஒரு முறை பத்தடி நெருங்கலாம். விறைத்துவிட்டால் ஈரலைக் காட்டி இழுக்காமல், வந்த வழியே அவனோடு வளைந்து திரும்பிவிடுங்கள்.

வெயிலும் ஏறுகிறது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அவன் பாதத்துக்கும் அது ஆகாது.

மே 8

கோவில்பட்டி மாமா, மாலை 6:47
இன்று மாலை, மார்பு வளையத்தில் கயிற்றை மாட்டியே அழைத்துச் சென்றேன். தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தபோது முப்பது ஆடுகள் எதிர்ப்பக்கம் கடந்தன. சாம்பல் ஆட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி ஆட்டைப் பார்த்தான். கயிறு கடைசி வரை தொங்கிக்கொண்டே இருந்தது. “நாய்க்கு உடம்பு சரியில்லையா, அண்ணாச்சி?” என்று கடைக்காரர் கேட்டார்.

தாத்தா, மாலை 6:53
ஈரல் எத்தனை துண்டு செலவாயிற்று, மாப்பிள்ளை?

கோவில்பட்டி மாமா, மாலை 6:55
இருபத்திரண்டு. கடைசி ஆட்டுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் மிச்சமில்லாததால், வடையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தேன்.

அக்கா, மாலை 6:56
மாமா, வடையில் வெங்காயம் இருந்ததா? வெங்காயம் நாய்க்கு ஆகாது.

கோவில்பட்டி மாமா, மாலை 6:58
உளுந்து வடைதான், வெங்காயம் இல்லை. நாளை ஈரல் கூடுதலாக எடுத்துச் செல்கிறேன்.