கடலூர் ஆன்டெனா பட்டறைக்கு ஒரு உதவி

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு கடலூரில் பத்துப் பேர் அமெச்சூர் ரேடியோவின் 2 மீட்டர் அலைவரிசைக்குக் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா செய்கிறோம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி 49 செ.மீ.; கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்த நாலு கம்பிகள், தலா 51 செ.மீ. எல்லாவற்றையும் 2 செ.மீ. கூட்டியே வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பார்த்துப் பார்த்து நறுக்குவோம்.

சிக்கல் சால்டரிங்கில்தான். கேபிள் மாட்டும் சாக்கெட்டின் நடுமுனையில் 2 மி.மீ. பித்தளைக் கம்பியைப் பற்றவைக்க 25 வாட் அயர்ன் போதாது. கம்பி சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும், காற்றடித்தால் கழன்றுவிடும். 60 வாட்டுக்கு மேல் அயர்ன் இரண்டு, 145-இல் சரியாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஒன்று, ஒரு நாளைக்கு யாராவது தருவீர்களா? புதுச்சேரி என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

தேவனாம்பட்டினம் பக்கம் மொட்டைமாடியில் ஆன்டெனா ஏற்றியிருப்பவர்களே, உப்புக்காற்று அரிக்காமலிருக்க இணைப்புகளின்மேல் என்ன பூசுகிறீர்கள்?