டிராஃப்டுக்கு முன் மூளைச் சோதனை: வொண்டர்லிக் போய் எஸ்2 வந்தது, தேவைதானா?

சைட்லைன் சாமி:
கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் டிராஃப்டுக்கு முன் நடக்கும் சோதனை முகாம்தான் கம்பைன். 2022 கம்பைனிலிருந்து வொண்டர்லிக் தேர்வை என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக், நம் கால்பந்து அல்ல) கைவிட்டது. நிம்மதி என்று பார்த்தால் அதே வியாதி எஸ்2 என்ற கம்ப்யூட்டர் சோதனையின் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் திரி.

புதிதாக வருகிறவர்களுக்கு: வொண்டர்லிக் என்பது 1930களில் எல்டன் வொண்டர்லிக் என்பவர் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க உருவாக்கிய தேர்வு. 50 கேள்வி, 12 நிமிடம், சரியான விடைக்கு 1 மதிப்பெண். எதிர்ச்சொல் எது, எண் வரிசையில் அடுத்து என்ன, 3 பேர் 4 நாளில் முடிக்கும் வேலையை 6 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள், இந்த ரகம். வேலைக்கு வரும் சாதாரண ஆட்களின் சராசரி 20ஐ ஒட்டி இருக்கும். டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரிதான் 1970களில் இதை ஃபுட்பாலுக்குள் இழுத்து வந்தார் என்பார்கள். பிறகு எல்லா அணியும் பிடித்துக்கொண்டது.

பலன்? குவாட்டர்பேக்குகள் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்கள்) டான் மரினோ, டெர்ரி பிராட்ஷா இருவருமே 15, 16 என்ற அளவில் எடுத்ததாகத்தான் செய்தி. இருவரும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் வரிசையில் இருக்கிறார்கள். ஹார்வர்டில் படித்த ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் 48 எடுத்தாராம், அதுவும் 9 நிமிடத்தில். 9 அணிக்கு ஆடியும் ஒரு பிளேஆஃப் ஆட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. உதிரி உதாரணம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு 2009இல் வந்த ஆய்வு இருக்கிறது: 3 டிராஃப்டுகளைச் சேர்ந்த 762 வீரர்களை எடுத்துப் பார்த்தார்கள், மதிப்பெண்ணுக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு ஏறக்குறைய பூஜ்யம். டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்), டிஃபென்சிவ் பேக் (எதிரணி எறியும் பந்தைத் தடுப்பவர்) இரண்டு இடத்திலும் மதிப்பெண் கூடக்கூட ஆட்டம் குறைகிறது! இதற்கு மேல் என்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
சாமி சார், அந்த 762 பேரும் ஏற்கெனவே வடிகட்டி எடுத்த ஆட்கள். அங்கேதான் சிக்கல்.

2012இல் மோரிஸ் கிளெய்போர்ன் என்ற கார்னர்பேக் (டிஃபென்சிவ் பேக் வகை) வொண்டர்லிக்கில் 4 எடுத்ததாகச் செய்தி கசிந்தது. 50க்கு 4. ஆனாலும் டாலஸ் டிராஃப்டில் மேலே உள்ள இடத்தை வாங்கி அவரை 6வது ஆளாக எடுத்தது. ஏன்? காலும் இடுப்பும் அப்படி. அதே 4 மதிப்பெண்ணோடு நடுத்தர வேகமுள்ள ஒரு கார்னர்பேக் வந்திருந்தால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. ஆக, எடுக்கப்பட்டவர்களில் குறைந்த மதிப்பெண்காரர்கள் எல்லாம் உடம்பால் மிச்சத்தைச் சரிக்கட்டியவர்கள். உடம்பு கொஞ்சம் குறைந்தும் உள்ளே வந்தவர்கள் மூளையால் சரிக்கட்டியிருப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொடர்பு பூஜ்யமாகத்தான் தெரியும், சில இடங்களில் தலைகீழாகவும் தெரியும். டிஃபென்சிவ் பேக்கில் தலைகீழாக வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வேகத்தை வைத்தே ஆள் எடுக்கிற இடம் அது.

ஃபிட்ஸ்பாட்ரிக் உதாரணம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். 2005இல் 7வது சுற்றில் 250வது ஆள். அந்த இடத்தில் எடுக்கும் குவாட்டர்பேக்குகளில் பலர் இரண்டு வருஷத்தில் காணாமல் போய்விடுவார்கள். இவர் 2021 வரை தாக்குப்பிடித்தார்.

சைட்லைன் சாமி:
வடிகட்டிய கூட்டம் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அணி பொறுக்க வேண்டியதும் அதே கூட்டத்திலிருந்துதானே? தெருவில் போகிறவர்களையும் சேர்த்து அளந்தால் தொடர்பு வரும் என்பதால் ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜருக்கு என்ன லாபம்? அவர் முன்னால் இருக்கிற 300 பேருக்குள் பிரித்துக் காட்ட வேண்டும். அதை இந்தத் தேர்வு செய்யவில்லை.

கேலரி குமார்:
அந்த கிளெய்போர்ன் சொன்னதையும் போடுங்கப்பா. பேப்பரில் ஃபுட்பால் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, அதனால் கண்டுக்கவில்லை என்றார். படிப்பதில் அவருக்கு இருந்த சிரமமும் அப்போதே செய்தியில் வந்தது. 4 என்ற எண்ணை மட்டும் எல்லாரும் பிடித்துத் தொங்கினார்கள்.

பிளேபுக் பாண்டி:
இரண்டு பேரும் தொடர்பு எவ்வளவு என்றே சண்டை போடுகிறீர்கள். அந்த எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள்.

12 நிமிடம் என்றால் 720 நொடி. 50ஆல் வகுத்தால் கேள்விக்கு 14.4 நொடி. கேள்விகள் போகப்போகக் கடினமாகும். பயிற்சி இல்லாத பையன் 20வது கேள்வி அருகே ஒரு கணக்கில் மாட்டி ஒன்றரை நிமிடம் உட்கார்ந்துவிடுவான். 6 கேள்விக்கான நேரம் அங்கேயே போச்சு. பயிற்சி எடுத்தவனுக்குச் சொல்லித் தருவது வேறு: 20 நொடிக்குள் பிடிபடாவிட்டால் தாண்டு, சொல் கேள்விகளை முதலில் பொறுக்கு, தப்புக்குக் கழிவு கிடையாது, அதனால் கடைசி அரை நிமிடம் இருக்கும்போது மீதி இருக்கும் விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் எல்லாம் ஏதாவது ஒன்றைக் குறித்து வை. டிராஃப்டுக்கு முந்தைய பயிற்சி முகாம்களில் 40 கெஜ ஓட்டத்துக்கு எப்படித் தயார் செய்கிறார்களோ அப்படியே இதற்கும் மாதிரித் தாள் போட்டுப் பழக்குவார்கள். செலவை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். நல்ல ஏஜென்ட் யாருக்கு அமைவார்? முதல் மூன்று சுற்றில் போவான் என்று ஏற்கெனவே பேசப்படுகிறவனுக்கு.

2006இல் குவாட்டர்பேக் வின்ஸ் யங்குக்கு முதலில் 6 என்று செய்தி வந்தது, மறுபடி எழுதியதில் 16. அதே ஆள், அதே வாரம். எந்த எண் அவருடைய மூளை?

கணக்குப்பிள்ளை:
பயிற்சியால் ஏறும் என்பது நிஜம். பிழை எல்லை எவ்வளவு என்று போட்டுவிடலாம். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும்) 7, நம்பகத்தன்மை (மறுபடி எழுதினால் எவ்வளவு ஒத்து வரும்) 0.85 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1இலிருந்து 0.85ஐக் கழித்தால் 0.15, அதன் வர்க்கமூலம் 0.39, அதை 7ஆல் பெருக்கினால் 2.7. இரு பக்கமும் அதன் இருமடங்கை வைக்க வேண்டும். ஆக 24 எடுத்தவரின் உண்மை நிலை 19க்கும் 29க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். 24க்கும் 27க்கும் வித்தியாசம் பார்த்து ஆளை மாற்றுகிற அணி காசைக் கொட்டுகிறது. 9க்கும் 30க்கும் வித்தியாசம் பார்ப்பது அப்படியல்ல. நான் வக்காலத்து வாங்குவது அந்த அளவுக்குத்தான்.

சைட்லைன் சாமி:
அந்த அளவோடு எந்த அணி நிறுத்தியது? மதிப்பெண்கள் வருஷா வருஷம் கசிந்தன. கசிந்ததில் பெரும்பாலும் கறுப்பின வீரர்களின் குறைந்த எண்கள்தான் தலைப்புச் செய்தியாயின.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கு. வட கரோலினாவில் ஒரு மின் நிலையம், நல்ல சம்பளமுள்ள பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றும் தேர்வுகளும் வேண்டும் என்றது. அந்தத் தேர்வுகளில் ஒன்று இதே வொண்டர்லிக். வேலைக்கும் தேர்வுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய 50 வருஷம் என்எஃப்எல் அந்தத் தேர்வை ஓட்டியது!

கணக்குப்பிள்ளை:
கசியவிட்டவர்கள் அணிகளுக்குள் இருந்தவர்கள். அந்தப் பாவத்தைத் தேர்வின் தலையில் கட்டாதீர்கள். பழைய தேர்வு ஆட்டத்தோடு ஒட்டவில்லை என்பதுதான் குறை என்றால் எஸ்2 அதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. நாஷ்வில்லில் இருக்கிற கம்பெனி. சொல் கேள்வி, வழிக்கணக்கு எதுவும் கிடையாது. லேப்டாப், விசைப்பெட்டி, ஏறத்தாழ முக்கால் மணி நேரம். திரையில் ஓர் உருவம் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகத் தெரிந்து மறையும், எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று விசையை அழுத்த வேண்டும். ஒரே மாதிரி உருவங்கள் கலைந்து ஓடும்போது குறித்துக் கொடுத்தவற்றை மட்டும் கண்ணால் தொடர வேண்டும். அழுத்தப் போகும்போது சைகை மாறினால் கையை நிறுத்த வேண்டும். எல்லாம் மில்லி நொடிக் கணக்கில். லைன்பேக்கர் (நடுத் தடுப்பு ஆள்) பிளிட்ஸ், அதாவது குவாட்டர்பேக் மேல் பாய, வருவது போல் பாவ்லா காட்டிப் பின்வாங்கும்போது குவாட்டர்பேக்கின் கை நிற்க வேண்டுமே, அதுதான் இது.

கேலரி குமார்:
2023ஐ மறந்துட்டீங்களா? எஸ்2இல் குவாட்டர்பேக் பிரைஸ் யங் 98, இன்னொரு குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் 18. டிராஃப்டில் யங் முதல் ஆள், ஸ்ட்ரவுட் இரண்டாவது. அந்த சீசனில் ஸ்ட்ரவுட் 4,108 கெஜம், 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி கைப்பற்றிய எறிபந்து), சிறந்த புதுமுகம். யங்கின் கரோலினா 17 ஆட்டத்தில் 2 வெற்றி. கேஸ் குளோஸ் 😂

கணக்குப்பிள்ளை:
குமார், மூன்று விஷயம். 18 என்பது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் அல்ல, பர்சன்டைல், அதாவது ஒப்பிட்ட கூட்டத்தில் 18 சதவீதம் பேரை விட மேல். யாரோடு ஒப்பிட்டு 18 என்று தெரியாமல் அதற்கு அர்த்தமே இல்லை. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்குள் 18 என்றால் தெருவில் நம்மைப் போன்றவர்களை விட அவர் எங்கேயோ இருக்கலாம். இரண்டாவது, கசிந்த எண்கள் சரியில்லை என்று அந்தக் கம்பெனியே சொன்னது. மூன்றாவது, கரோலினா 9வது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வர டி.ஜே. மூர் என்ற ஆட்டக்காரரையும் டிராஃப்ட் இடங்களையும் சிகாகோவுக்குக் கொடுத்தது மார்ச்சில். எண்கள் வெளியே வந்தது ஏப்ரலில். முதல் இடத்தை வாங்கும் முடிவை அந்தக் கசிவின் மேல் போட முடியாது. அந்தக் கணக்கில் பார்த்தால் 2022இல் 262வதாக, கடைசி ஆளாக எடுத்த குவாட்டர்பேக் பிராக் பர்டிக்கு எஸ்2 90க்கு மேல் என்று செய்தி. அவரை வைத்து நானும் கேஸ் குளோஸ் என்று சொல்லலாம். சொல்லவில்லை.

பிளேபுக் பாண்டி:
எஸ்2 பார்ப்பது ஸ்னாப்புக்குப் (பந்து கைமாறி ஆட்டம் தொடங்கும் நொடி) பிறகு நடக்கும் இரண்டரை நொடியை. குவாட்டர்பேக் தோற்பது அநேகமாக அதற்கு முன்னால். 40 நொடிக் கடிகாரம் ஓடுகிறது, 15 நொடி இருக்கும்போது கோச் பேசும் ஹெல்மெட் ஸ்பீக்கர் அணைந்துவிடும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு சொல் உள்ள பிளேயை (ஆட்டத் திட்டம்) ஹடிலில் (அணி கூடும் வட்டம்) பிசகாமல் சொல்லி, ஆழத்தில் சேஃப்டி (கடைசித் தடுப்பு ஆள்) ஒருவரா இருவரா என்று எண்ணி, மைக் லைன்பேக்கர் (நடுவில் நிற்பவர்) யார் என்று காட்டி, தடுப்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மாற்ற வேண்டும். இதற்கு நினைவும் படிப்பும் வேண்டும். லேப்டாப்பில் வராது.

அணிகள் செய்கிற உருப்படியான சோதனை வேறு. கம்பைன் நேர்காணலில் ஆரம்பத்திலேயே இரண்டு பிளே சொல்லிக் கொடுப்பார்கள், போர்டில் வரைந்து. பிறகு கல்லூரி வீடியோ, குடும்பம், காயம் என்று பேச்சை வேறு பக்கம் இழுத்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் மார்க்கரைக் கையில் கொடுத்து வரையச் சொல்வார்கள். ரூட்டை (ஓடும் பாதை) எல்லாரும் வரைவார்கள். தடுப்பில் ரன்னிங் பேக்கின் (பந்தோடு ஓடுபவர்) பொறுப்பை விட்டுவிடுவார்கள், அதுதான் முதலில் மறக்கும். எதிரணி கவரேஜை (யார் யாரை மறிப்பது) மாற்றி வைத்து இப்போது முதல் பார்வை யார் மேல் என்று கேட்டால் மனப்பாடம் செய்தவன் முழிப்பான். ஒவ்வொரு அணியும் 30 பேரைத் தன் ஊருக்கு வரவழைக்கலாம், அங்கே இதையே ஒரு நாள் முழுக்கச் செய்ய முடியும்.

சைட்லைன் சாமி:
இதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. வேலையையே செய்யச் சொல்லிப் பார்ப்பது. டியூக் பவர் செய்யாதது.

கணக்குப்பிள்ளை:
பாண்டி, நல்ல சோதனைதான், ஆனால் மதிப்பிடும் கோச் யார்? அந்தப் பையனின் வீடியோவை ஆறு மாதமாகப் பார்த்துக் காதலில் விழுந்தவர். பையனின் பழைய கோச்சோடு வேலை பார்த்தவராகவும் இருக்கலாம். ஒரு பிளேயை ஒருவனுக்கு மெதுவாகச் சொல்லி இன்னொருவனுக்கு வேகமாகச் சொன்னால் ஒப்பீடே போச்சு. நான் கேட்பது சின்ன விஷயம்: எல்லாருக்கும் அதே இரண்டு பிளே, அதே நிமிடம், மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு உறையில் வைக்க வேண்டும், எஸ்2 எண்ணை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். அப்படி நாலு டிராஃப்டுக்குச் சேர்த்தால் எது வேலை செய்கிறது என்று அணியே தன் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பிளேபுக் பாண்டி:
அதே இரண்டு பிளே என்றால் முதல் நாள் சாயங்காலமே ஏஜென்ட்டுகள் கைக்குப் போய்விடும் சார். ஒரே கடினத்தில் ஏழெட்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் நடக்கும்.

சைட்லைன் சாமி:
உறைக்குள் போட எண் இருக்க வேண்டுமே. ஸ்ட்ரவுட் விவகாரத்துக்குப் பிறகு 2024இல் பல ஏஜென்ட்டுகள் தங்கள் பையன்களை எஸ்2 பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டார்கள். உட்கார மறுப்பவன் மறுப்பான், நன்றாக வரும் என்று நம்புகிறவன் மட்டும் உட்காருவான். வடிகட்டிய கூட்டம் என்று ஆரம்பத்தில் எனக்குப் பாடம் எடுத்தீர்களே, இந்தக் கூட்டத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?