'வயரிங் ஹார்னஸ்' என்பதற்குக் 'கம்பிக்கோவை': பரிந்துரையும் காரணங்களும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வாகனத்தின் மின்கம்பிகளையெல்லாம் கிளைகளாகப் பிரித்து ஒன்றாகக் கட்டிய தொகுதியே 'வயரிங் ஹார்னஸ்'. நாம் உருவாக்கிவரும் கலைச்சொற்களின் வரைவுப் பட்டியலுக்காக, அதற்கு இவ்விழையில் இதுவரை கம்பிச்சேணம், மின்வடம், கம்பிக்கற்றை என்னும் மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், அந்த உறுப்பு வண்டிக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிட வேண்டும் என்று கருதுகிறேன். புதிய வண்டியில் அது தகட்டுக்கும் மெத்தைக்கும் பின்னே மறைந்து கிடக்கும். பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்தான் அதை முழு உருவத்தோடு காண்கிறார். ஆகவே 1948 முதல் 1952 வரை அமெரிக்காவில் உருவான ஃபோர்டு எஃப்-1 சரக்குந்தில் பழைய மின்னமைப்பைக் கழற்றிவிட்டு, இக்காலத்து முறைப்படி செய்ததைப் பொருத்தும் வேலையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

அந்த வண்டியின் மின்கம்பிகளுக்கு ரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூற்பின்னலும் உண்டு. எழுபது ஆண்டு வெப்பத்திலும் எண்ணெயிலும் ரப்பர் இறுகி வெடித்துவிடுகிறது. கம்பியை வளைத்தாலே உறை உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். பெரும்பாலான சுற்றுகளுக்குத் தனி உருகியும் (ஃபியூஸ்) கிடையாது. எனவே உரசித் தேய்ந்த ஓரிடத்தில் செம்பு தகட்டைத் தொட்டுவிட்டால், பேட்டரியின் முழு ஆற்றலும் அந்தக் கம்பி வழியே பாய்ந்து அதையே நெருப்பாக்கிவிடும். இதனால்தான் பழுதான கம்பியை மட்டும் மாற்றுவதோடு நிறுத்தாமல் முழுத் தொகுதியையும் மாற்றுகிறார்கள்.

எஃப்-1 வண்டி 6 வோல்ட்டில் இயங்கியது. பேட்டரியின் நேர்முனை அடிச்சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்று கிடைக்கும் தொகுதிகள் 12 வோல்ட்டுக்கும், எதிர்முனை சட்டத்தில் இணைவதற்கும் ஏற்பச் செய்யப்பட்டவை. ஒரு 45 வாட் முகப்பு விளக்கு 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் அதே வெளிச்சத்துக்கு 3.75 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் ஒரே கம்பியில் எழும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதனால் புதிய தொகுதியில் கம்பிகள் மெலிந்திருக்கின்றன. அந்த மெல்லிய கம்பிகளை 6 வோல்ட் வண்டியில் அப்படியே பொருத்துவது ஆபத்தானது என்பதால், கம்பித் தொகுதியை மாற்றுபவர் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே மாற்றுகிறார். பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வருகிறது. பேட்டரியை முனை மாற்றி இணைத்தால், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் நொடியில் கெட்டுவிடும். செல்ஃப் மோட்டாருக்கு முனை மாறினாலும் சுழலும் திசை மாறுவதில்லை. ஆனால் தீப்பொறிச் சுருளின் (இக்னிஷன் காயில்) இரு இணைப்புகளையும் இடம் மாற்றிப் பொருத்தாவிட்டால் பொறி வலுவிழக்கும். பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளுக்கோ 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

இனிப் புதிய தொகுதியைப் பார்ப்போம். உருகிகளும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களும் அமர்ந்த ஒரு பலகையிலிருந்து அது புறப்படுகிறது. அங்கிருந்து ஓர் அடித்தண்டு, எஞ்சினையும் ஓட்டுநர் அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புத் தகட்டை ஊடுருவி எஞ்சின் பக்கம் போகிறது. ஒரு கிளை கருவிப்பலகைக்கும், ஒன்று முகப்பு விளக்குகளுக்கும் ஹாரனுக்கும், நீளமான மற்றொன்று அடிச்சட்டத்தை ஒட்டியே பின்விளக்குகளுக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் செல்கின்றன. கம்பிகளின் உறை, 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக். ஒவ்வொரு கம்பிக்கும் அது செல்லுமிடத்துக்கேற்ற பருமனும் நிறமும் உண்டு. சில தயாரிப்புகளில் கம்பியின் பெயரே அதன் உடல் நெடுகத் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டிருக்கும். எந்தக் கம்பி எந்த இடத்தில் தண்டைவிட்டுப் பிரிய வேண்டும், பிரிந்தபின் எத்தனை அங்குலம் நீள வேண்டும், எந்த வகை முனையில் முடிய வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. பிரியும் இடம் ஒரு சாண் தவறினால் அந்தக் கிளை விளக்கை எட்டாது, அல்லது தேவைக்கு மேல் நீண்டு சூடான புகைக்குழாயின்மேல் தொங்கும்.

தொழிற்சாலையில் இதைச் செய்யும் முறையும் கவனத்துக்குரியது. ஒரு பெரிய பலகையின்மேல் முழு அளவு வரைபடத்தை ஒட்டி, கிளை பிரியும் இடங்களில் முளைகளை அடித்திருப்பார்கள். முனைகள் பொருத்தப்பட்ட கம்பிகளை ஒவ்வொன்றாக அந்த முளைகளினூடே இழுத்து, செருகிகளில் நுழைத்து, பிறகே நாடா சுற்றுவார்கள். எத்தனையோ வேலைகள் எந்திரத்துக்குப் போனபின்னும் இதில் பெரும்பகுதி கைவேலையாகவே நீடிக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள வாகனத் தொழிற்பகுதிகளிலும் இவ்வேலை நடக்கிறது. அங்கே பலகையருகே நாள் முழுவதும் நின்று உழைக்கும் தமிழர்கள் தங்கள் கைப்பொருளைத் தங்கள் மொழியில் அழைக்க ஒரு நல்ல சொல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன். கம்பிச்சேணம், ஆங்கிலத்தில் குதிரைக்குப் பூட்டும் வார்களுக்கு வழங்கும் பெயரை அப்படியே நம் மொழிக்கு ஏற்றிய சொல். ஆங்கிலம் பேசுபவருக்கு அந்த உவமை தானாக விளங்கும். தமிழ் மாணவருக்குச் சேணம் குதிரை முதுகில் இடும் இருக்கையையே நினைவூட்டும், கிளைவிட்டுப் பிரியும் எதையும் நினைவூட்டாது. இதை ஏற்க எனக்கு மனமில்லை.

மின்வடம் அழகிய சொல்தான். தேர்வடத்தை அறிந்த எவருக்கும் அதன் வலிமையும் முறுக்கும் உடனே விளங்கும். ஆனால் 'கேபிள்' என்பதற்கு அது ஏற்கனவே நிலைபெற்றுவிட்டது. இந்த வேலையிலேயே பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த மின்வடம் தனியாக இருக்கிறது. ஒரே வண்டியில் இரண்டு பொருள்களுக்கு ஒரு பெயர் இருப்பது, கையேட்டைப் படித்து வேலை செய்பவரைத் தவறான இணைப்புக்கு இட்டுச்செல்லும்.

கம்பிக்கற்றையே மூன்றிலும் நெருங்கி வருவது. ஐயா ஒருவர் இதை ஆதரித்து, ஒளிக்கற்றை, அலைக்கற்றை என்று மக்கள் பழகிய வடிவம் இது என்று எழுதியிருந்தார். பழக்கம் என்ற வாதத்தின் எடையை நான் மதிக்கிறேன். எனினும் கற்றை, ஒரே தன்மையுள்ள பலவற்றை ஒருசேரப் பிடித்துக் கட்டியதைக் குறிக்கும் சொல். வைக்கோற்கற்றையில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் பொருட்டில்லை. இங்கேயோ ஒழுங்குதான் அந்தப் பொருள். முப்பது கம்பிகளை வாங்கி நாடாவால் சுற்றினால் கற்றை கிடைத்துவிடும், வண்டி ஓடாது.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் கம்பிக்கோவை. கோத்தல் என்னும் வினையில் வரிசையும் இடமும் உள்ளடங்கியிருக்கின்றன. இயற்கணிதத்தில் உறுப்புகளும் குறிகளும் முறையாக அமைந்ததைக் கோவை என்றே பள்ளிப் பாடநூல்கள் எழுதுகின்றன. இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவை என்று வழங்குகிறார்கள். அங்கே ஒவ்வொரு பிரிவும் எண்ணிட்டுத் தன் இடத்தில் நிற்கிறது. பலகை முளைகளினூடே கம்பியை இழுத்துச் செருகியில் நுழைக்கும் செயலைப் பார்ப்பவரும் கோத்தல் என்ற வினையைத் தவிர வேறொன்றை எளிதில் சொல்லமாட்டார். அக்காலத்து ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர்மானியின் முதுகில் ஒரு சிறு வளையம் மட்டுமே இருக்கும்; பேட்டரிக் கம்பி அதனூடே கோக்கப்பட்டுச் செல்ல, அதன் காந்தப்புலமே முள்ளை அசைக்கும். அடிச்சட்டத்தில் இணையும் பேட்டரி முனையை மாற்றும்போது கம்பியை எதிர்ப்பக்கமாகக் கோத்தால்தான் முள் சரியான திசையில் நகரும்.

இச்சொல்லுக்கு எழக்கூடிய தடைகளையும் எண்ணிப் பார்த்தேன். கோவை என்றால் கோயம்புத்தூர் என்று படிப்பார்களே என்பது முதலாவது. கூட்டுச்சொல்லின் ஈற்றில், ககரம் மிகுந்து வரும்போது அந்த மயக்கம் எழாது. 'கோவைக் கம்பி' வேறு, 'கம்பிக்கோவை' வேறு. கம்பி என்றவுடன் சன்னல் கம்பி நினைவுக்கு வருமென்றால் மின்கோவை என்று வைக்கலாமே என்பது இரண்டாவது. அதை நான் ஏற்காததற்குக் காரணம், மின்னஞ்சல், மின்னூல் என்னும் வரிசையில் 'மின்' இப்போது கணினி வடிவத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது; கோப்பைக் கோவை என்று சொல்லும் இலங்கை வழக்கோடு சேர்ந்தால் மின்கோவை கணினிக் கோப்பாகிவிடும்.

கிளைச்சொற்களும் இதிலிருந்து இயல்பாகப் பிறக்கின்றன: எஞ்சின் கோவை, முகப்புக் கோவை, பின்கோவை, நடுவில் ஓடுவதற்கு அடிக்கோவை. 'கம்பியை மாற்றினேன்', 'கம்பிக்கோவையை மாற்றினேன்' என்னும் இரண்டும் செலவிலும் உழைப்பிலும் எவ்வளவு வேறுபட்டவை என்பது கேட்டவுடன் புரியும்.

இதே பட்டியலில் உள்ள இன்னொரு சொல்லைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். வண்டி வேலையில் 'எர்த்' என்பதைப் புவித்தொடுப்பு என்று வரைவில் இட்டிருக்கிறோம். வீட்டு மின்னமைப்புக்கு அது சரி. வண்டியோ ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கிறது, மண்ணோடு அதற்கு மின்தொடர்பு இல்லை. மின்னோட்டம் அடிச்சட்டத்தின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. பழைய வண்டிக்குப் புதுச்சாயம் பூசியவர்கள் சாயத்தின்மேலேயே அந்த இணைப்பை முடுக்கிவிட்டு, விளக்கு மங்குவதற்குக் காரணம் தெரியாமல் கோவை முழுவதையும் குறைசொல்வதுண்டு. இணைக்கும் இடத்தில் சாயத்தைச் சுரண்டி வெறும் இரும்பைத் தொடவைக்க வேண்டும் என்பதைப் பெயரே உணர்த்தினால் நல்லது. ஆகையால் வாகனப் பிரிவில் மட்டும் சட்டத்தொடுப்பு என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

வரைவுப் பட்டியலில் கம்பிக்கோவை, அடிக்கோவை, சட்டத்தொடுப்பு ஆகிய மூன்றையும் சேர்க்கக் குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். கற்றையை ஆதரிப்பவர்கள், கிளை பிரியும் ஒழுங்கை அச்சொல் எவ்வாறு காட்டும் என்பதை விளக்கி எழுதினால் மீண்டும் எண்ணிப் பார்க்க அணியமாக இருக்கிறேன்.